அமிக்கலோலா அருவி: கீழிருந்தா, நடுவிலிருந்தா, மேலிருந்தா?

அட்லாண்டாவுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில், டாசன்வில் ஊரைத் தாண்டி மலைக்காட்டுக்குள் அமைந்திருக்கிறது அமிக்கலோலா மாநிலப் பூங்கா. அதன் அருவி 729 அடி உயரம் கொண்டது. ஜார்ஜியா மாநிலத்தில் இதைவிட உயரமான அருவி வேறில்லை. ஒரே பாய்ச்சலில் விழாமல், பாறை அடுக்குகளில் பட்டு உடைந்து உடைந்து இறங்குவதால், கிட்டே போய் எந்த இடத்தில் நின்றாலும் அருவியின் ஒரு பகுதிதான் கண்ணுக்குக் கிடைக்கும். எனவே இங்கே வருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அருவியை எந்த உயரத்தில் நின்று பார்க்கப் போகிறோம் என்பதைத்தான். காரை எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நடப்பது, முழங்காலுக்கு எவ்வளவு வேலை கொடுப்பது ஆகிய எல்லாமே அதைப் பொறுத்து அமைகின்றன.

பலரும் யோசிக்காமல் தேர்ந்தெடுப்பது உச்சியைத்தான். செங்குத்தான சாலையில் கார் மேலே வரை போய்விடும். வண்டியை நிறுத்திவிட்டுச் சில நிமிடங்கள் நடந்தால் அருவியின் தலைப்பில் உள்ள பாலத்தை அடையலாம். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதனாலேயே இதுவே அருவியின் சிறந்த காட்சி என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், அந்தப் பாலத்தில் நிற்பவருக்கு அருவி தெரிவதே இல்லை. ஓர் ஓடை காலடியில் நுழைந்து பாறை விளிம்பைத் தாண்டி மறைகிறது. அதற்கு அப்பால் விரிவதெல்லாம் பள்ளத்தாக்கும் தொலைவில் நீலம் படிந்த மலைவரிசையும்தான். அந்தக் காட்சி அழகானது என்பதில் ஐயமில்லை. அக்டோபர் கடைசியில் இலைகள் நிறம் மாறும் வாரங்களில் அதற்காகவே போகலாம். ஆனால் அருவியைப் பார்க்க வந்தவர் உச்சியோடு திரும்பிவிட்டால், வந்த காரியம் பாதிகூட நிறைவேறவில்லை என்றே நான் சொல்வேன்.

அடிவாரத்திலிருந்து ஏறுவது இதற்கு நேர் எதிரான அனுபவம். பார்வையாளர் மையத்தின் பின்னால் உள்ள கல் வளைவு வாயிலில் தொடங்கும் பாதை, காட்டின் வழியாக மேலேறி, சிறு குளத்தைக் கடந்து அருவியின் அடியை அடைகிறது. அங்கிருந்து 604 படிகள். மைய வாசலிலிருந்து உச்சி வரை எல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு மைல்தான். தொலைவைக் கேட்டு இதை எளிதான நடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் அந்த ஒரு மைலின் பெரும்பகுதி செங்குத்து ஏற்றம். அதே சமயம், அருவியின் உயரத்தை உடம்பால் உணர வேறு வழியே இல்லை. கீழே நிற்கும்போது மரங்களுக்கு மேலே எங்கோ வெள்ளைக் கோடாகத் தெரியும் நீர், படி ஏற ஏற அருகே வந்து, ஓசை கூடி, ஒரு கட்டத்தில் பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்திப் பேச வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நேரமும் நல்ல மூச்சும் இருப்பவர்கள் இந்த வழியை விட்டுவிட வேண்டாம். குளம் வரை காரில் வந்து அங்கிருந்து தொடங்கினால் நடை இன்னும் குறையும்.

அப்பலாச்சியன் நெடுநடைப் பாதையில் மெய்ன் மாநிலம் வரை 2,190 மைலுக்கு மேல் நடக்கப் புறப்படுகிறவர்களில் பலர், இந்தக் கல் வளைவு வாயிலிலிருந்தே கிளம்புகிறார்கள். அந்தப் பாதை முறைப்படி தொடங்குவது இங்கிருந்து ஏறத்தாழ எட்டரை மைல் தள்ளியுள்ள ஸ்பிரிங்கர் மலையில்தான். இந்தப் படிகள் அதற்கு இட்டுச் செல்லும் அணுகுபாதையின் முதல் சோதனை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் போனால், முதுகில் பல நாள் மூட்டையோடு இதே படிகளில் ஏறுகிறவர்களைப் பார்க்கலாம்.

என் தேர்வு நடுவழிதான். மேற்கு முகட்டில் தனியாக ஒரு வாகன நிறுத்தம் இருக்கிறது; அங்கிருந்து 0.3 மைல் நீளமுள்ள, பெரும்பாலும் சமதளமான பாதை ஒன்று அருவியின் நடுப்பகுதியைக் கடக்கும் பாலத்துக்குக் கொண்டுசெல்கிறது. பழைய டயர் ரப்பரை மறுசுழற்சி செய்து தளம் இட்டிருப்பதால் சக்கர நாற்காலியும் குழந்தைகளின் தள்ளுவண்டியும் தடையின்றிப் போகும். அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஆல்ஃபரெட்டா பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் நாட்களில் "அம்மாவால் நடக்க முடியுமா?" என்று தயங்குவதுண்டு. இந்தப் பாதையில் தயக்கமே வேண்டாம். படி ஏதும் ஏறாமல் அம்மா அருவிக்கு நேர் எதிரே போய் நிற்கலாம்.

எளிமையைத் தவிர வேறு காரணமும் உண்டு. அந்தப் பாலத்தில் நின்று தலையை உயர்த்தினால், அருவியின் கம்பீரமான மேல்பகுதி முழுவதும் முகத்துக்கு எதிரே எழுந்து நிற்கிறது. கரும்பாறை மேல் நீர் ஒரே தாரையாக இறங்கவில்லை. ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டாக, நான்காகப் பிரிந்து, கீழ் விளிம்பில் மறுபடி ஒன்றுகூடி, பாலத்தின் அடியில் புகுந்து மறுபக்கம் சரிகிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மூக்குக் கண்ணாடியில் சாரல் படிந்து, துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நனைந்த பாசியில் வெயில் படும் இடங்களில் மட்டும் பச்சை தனியே ஒளிர்கிறது. அரைக் கிலோமீட்டர் நடைக்கு இதற்குமேல் கேட்பது நியாயமில்லை. கால் வலு உள்ளவர்கள் இங்கிருந்து படிகளைப் பிடித்து உச்சிக்கும் போய்வரலாம். அலுத்தால் எந்தப் படியிலும் திரும்பிவிடலாம் என்பது இந்த வழியின் சலுகை.

உச்சியில் காரை நிறுத்திப் படிகளில் இறங்கிப் பார்க்கலாமே என்று ஒரு யோசனை பலருக்கும் தோன்றும். அதை நான் பரிந்துரைப்பதில்லை. இறங்கும்போது முழங்கால் வலிக்கும். களைத்த பிறகு அத்தனை படிகளையும் ஏறியே ஆக வேண்டும். சிறுவர்களோடு வருபவர்களுக்கு அந்தக் கடைசி ஏற்றம் பெரும்பாடு. கீழிருந்து ஏறியவர்களுக்கோ திரும்பும் வழி இறக்கம்தான். வந்த படிகளிலேயே இறங்க விருப்பமில்லையென்றால், சுமார் ஒரு மைல் நீளமுள்ள கிழக்கு முகட்டுப் பாதையில் மைய வாசலுக்கு இறங்கலாம். அருவி தெரியாது, சரிவும் கடுமை, ஆனால் கூட்டம் குறைந்த நல்ல காட்டுப் பாதை.

பூங்காவின் நுழைவுக் கட்டணம் அன்றைய நாள் முழுவதற்கும் உரியது என்பதால், காரை நகர்த்தி மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும். அப்படிச் செய்வதானால் குளத்தில் தொடங்கி, மேற்கு முகட்டில் நீண்ட நேரம் இருந்துவிட்டு, உச்சியில் முடிப்பது நல்லது. நீர்வரத்துக்குக் குளிர்காலக் கடைசியும் வசந்தகாலமும் ஏற்ற காலம். இலை நிறம் மாறும் பருவம் பெரும்பாலும் மழை குறைந்த பருவம் என்பதால் நீர் மெலிந்திருக்கும், வார இறுதிகளில் வாகன நிறுத்தங்களும் காலையிலேயே நிரம்பிவிடும். கடும் குளிர் நாட்களில் படிகளில் பனி உறைந்து வழுக்கும். அந்நாட்களில் படிப்பாதையை விட்டுவிட்டு நடுப்பாலத்துக்கு மட்டும் போய்வாருங்கள்.