கே.கே. நகர் சனிக்கிழமை செல் உயிரியல் வகுப்பு: போகலாமா?

தாராளமாகப் போகலாம். மதுரையில் நெட் தேர்வுக்கு லைஃப் சயின்ஸ் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் மாறி வருகிறேன். அந்த அலைச்சலுக்கு இந்த வகுப்பு தகும்.

செல் சுழற்சியில், அதாவது ஒரு செல் வளர்ந்து இரண்டாகப் பிளவுறும் சுற்றில், புரதங்கள் அழிக்கப்படும் பாடத்தை வகுப்பெடுக்கும் மேடம் நடத்தியதற்காகவே இதை எழுதுகிறேன். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. 1982-ல் டிம் ஹன்ட் கடல் அர்ச்சின் முட்டைகளில் செய்த சோதனையிலிருந்து ஆரம்பித்தார். புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெரிந்த பட்டைகளைப் போர்டில் வரிசையாக வரைந்தார். மற்றவை நேரம் ஆக ஆகத் தடித்துக்கொண்டே போக, ஒரு பட்டை மட்டும் செல் பிளவுறும் சமயத்தில் காணாமல் போய், மறுபடி வந்தது. அதுதான் செல்லைப் பிளவுறத் தூண்டும் சைக்ளின் புரதம்.

"எதுக்கு அழிக்கணும்? புரதத்துல பாஸ்பேட் ஒட்டி வேலையை நிறுத்தி வச்சாப் போதாதா?" என்று கேட்டார். பதில் வரும்வரை அடுத்ததற்குப் போகவில்லை. ஒட்டிய பாஸ்பேட்டை இன்னொரு என்சைம் கழற்றிவிடும். சிதைந்த புரதம் திரும்பாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். செல் பின்னோக்கிப் போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் யுபிக்விட்டின். 76 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், அழிக்க வேண்டிய புரதத்தில் அடையாளமாக ஒட்டுவது. ஈ1 என்ற என்சைம் அதைத் தயார்ப்படுத்த, ஈ2 வாங்கிக்கொள்ள, எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று ஈ3 தேர்ந்தெடுக்கிறது. சங்கிலியாக ஒட்டியதும், செல்லின் புரதம் வெட்டும் இயந்திரமான புரோட்டியாசோம் அந்தப் புரதத்தைத் துண்டாக்கிவிடும். யுபிக்விட்டின் மட்டும் தப்பித்து மறுபடி பயன்படும். செல் பிளவில் குரோமோசோம்களை இழுத்துப் பிரிப்பவை கதிர் இழைகள். ஒரே ஒரு குரோமோசோம் கதிர் இழையில் சரியாக மாட்டாவிட்டாலும், ஏபிசியை வேலை செய்ய வைக்கும் சிடிசி20 புரதம் பிடித்து வைக்கப்படுகிறது. அதனால் ஏபிசி என்ற ஈ3, செபரேஸ் என்சைமைப் பூட்டி வைத்திருக்கும் செக்யூரினைத் தொடுவதில்லை. எல்லாம் மாட்டிய பிறகுதான் செக்யூரின் அழிந்து, செபரேஸ் விடுபட்டு, குரோமோசோமின் இரண்டு பிரதிகளான குரோமாட்டிட்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கோஹீசினை வெட்டுகிறது. இந்த இடத்தை மேடம் இரண்டு தடவை நடத்தினார், எனக்கு இன்னொரு தடவையும் கேட்கலாம் போலிருந்தது.

குறை அச்சடித்த நோட்ஸில்தான். செல் சுழற்சிக்குத் தடை போடும் பி27 புரதத்தை அழிப்பது ஏபிசி என்று போட்டிருக்கிறது. எஸ்கேபி2 புரதம் உள்ள எஸ்சிஎஃப் என்ற இன்னொரு ஈ3 என்று இருக்க வேண்டும். ஆபீஸில் சொல்லியும் திருத்தவில்லை. காசு வாங்கிக் கொடுக்கிற நோட்ஸில் இப்படி இருக்கக் கூடாது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டிசோமிப், புரோட்டியாசோமைத் தடுக்கிற மருந்து. அதையும் நோட்ஸில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

மைக் பின்வரிசைக்குச் சரியாகக் கேட்காது. சீக்கிரம் போய் முன்னால் உட்காருங்கள்.