கிழப் பூனையின் ராத்திரிக் கத்தல்: மாத்திரையா, தீனியா, ஜீரோ வாட் பல்பா?

ராத்திரி 2 மணி. 13 வயதுப் பூனை கூடத்து நடுவில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்துகிறது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய இடங்களில் இது ஒரு வீட்டோடு நிற்காது, பக்கத்து இரண்டு வீடும் முழித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் ஆளுக்கொரு யோசனை வரும். "வயசாயிடுச்சு, அப்டித்தான் கத்தும்", "தூக்க மாத்திரை பாதி குடு", "எங்கனா கொண்டுபோய் வுட்டுடு". மூன்றையும் கேட்க வேண்டாம். பார்வையோ காதோ மங்கிய பூனையை எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் விட்டால் அது ஒரு நாள்கூடத் தாங்காது. மனுஷ மாத்திரைகளில் பாராசிட்டமால் அரை வில்லையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

கருத்தடை செய்யாத பெண் பூனையாக இருந்தால் ஒன்றை முதலில் யோசியுங்கள். பூனைக்கு மாதவிடாய் நிற்பது மாதிரி எதுவும் கிடையாது. 12 வயதிலும் சூட்டுக்கு வந்து கத்தும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் கத்தி, நடுவில் அமைதியாக இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

முதலில் டாக்டரா, வீட்டுப் பழக்கமா?

பழக்கத்தை மாற்றக் காசு தேவையில்லை. பூனையைப் பையில் போட்டு ஆட்டோ பிடிக்கும் அலைச்சலும் இல்லை. அதனால் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். 10 வயது தாண்டிய பூனை புதிதாகக் கத்த ஆரம்பித்தால் இந்த வரிசை தப்பு. ராத்திரிக் கத்தலுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பவை மூன்று: தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சிறுநீரகம் பழுதாவது, பிரஷர். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பூனைக்கு மேல் பிரஷர் 160க்குள் இருக்க வேண்டும். 180ஐத் தாண்டினால் விழித்திரை கழன்று ஒரே ராத்திரியில் கண் போய்விடலாம். இரண்டு வாரம் பழக்கத்தை மாற்றிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் அந்த இரண்டு வாரத்தில் கண்ணைத் தொலைக்க நேரும்.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள் ஐந்து: ரத்தத்தில் டி4 (தைராய்டு சுரப்பின் அளவு), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), சர்க்கரை, சிறுநீரின் அடர்த்தி, பிரஷர். நடைமுறையில் விட்டுப்போவது பிரஷர்தான். அதை எடுக்க, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியும் குட்டிப் பட்டையும் வேண்டும். பட்டையின் அகலம் பூனையின் கால் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடிக் காட்டும், பெரிய பட்டை குறைத்துக் காட்டும். வீட்டில் இருக்கும் மனுஷ மிஷின் பூனைக்கு உதவாது.

எங்கே போவது? வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903இல் தொடங்கிய கல்லூரி. கண், இதயம், ஸ்கேன் எல்லாம் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம், செலவும் குறைவு. கஷ்டம் கூட்டமும் நாய்ச் சத்தமும். பயந்த பூனைக்கு பிரஷர் தானாகவே ஏறும். கூடைமேல் துண்டு போட்டு மூடி வையுங்கள். ரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்த பிறகு 5 முதல் 7 தடவை எடுத்து, முதல் அளவைத் தள்ளிவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி போடுவதுதான் முறை. பேட்டையில் இருக்கும் சின்ன கிளினிக் அமைதியானது, ஆனால் எல்லா இடத்திலும் டாப்ளர் இருக்காது. போகும் முன் போன் போட்டு, "பூனைக்கு பிரஷர் பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

எங்கே போனாலும் மொபைலில் எடுத்த ஒரு நிமிஷ வீடியோ கையில் இருக்கட்டும். சுவரைப் பார்த்து நின்று கத்துகிறதா, மணல் தட்டில் உட்கார்ந்து கத்துகிறதா என்பது டாக்டருக்குப் பாதி விடை. ஆண் பூனை தட்டில் முக்கிக்கொண்டு, சிறுநீர் வராமல் கத்தினால் அது அவசரம், அன்றைக்கே போக வேண்டும். பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினால் திரும்புகிறதா என்றும் பாருங்கள். காது போன பூனைக்குத் தன் குரல் கேட்காது, அதனால் தேவைக்கு மேல் கத்தும்.

தைராய்டு என்றால்: மாத்திரையா, தீனியா?

நன்றாகத் தின்றும் இளைக்கிற பூனைக்கு இது இருக்க வாய்ப்பு அதிகம். 4 கிலோ பூனையில் 200 கிராம் குறைந்தால் அது 5 சதவீதம். தூக்கிப் பார்த்தால் கைக்குத் தெரியாது, தராசில்தான் தெரியும்.

அயோடின் குறைத்த தீனி ஒரு வழி. மாத்திரை ஊட்டும் மல்லுக்கட்டு இல்லை, சில வாரத்தில் டி4 இறங்கும். ஒரே நிபந்தனை, அந்தத் தீனியைத் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது. காசிமேட்டில், ராயபுரத்தில் இது நடக்கிற காரியமா? கடல் மீனில் அயோடின் நிறைய. வீட்டில் மத்தி கழுவும்போது ஒரு தலை, எதிர்வீட்டு ஆயா போடும் நெத்திலி நாலு என்று உள்ளே போனால் தீனிக்குக் கொடுத்த காசு வீண். வெளியே போகாத, வீட்டில் மீன் சமைக்காத ஒற்றைப் பூனைக்கு மட்டும் இதை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு மாத்திரைதான்.

தைராய்டை அடக்கும் மாத்திரையான மெத்திமசோல் வழக்கமாக 1.25 முதல் 2.5 மில்லிகிராமில், நாளுக்கு இரண்டு வேளையாகத் தொடங்கும். இங்கே மருந்துக்கடையில் கார்பிமசோலும் கிடைக்கும். உடம்புக்குள் போய் மெத்திமசோலாக மாறுவதால், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று மாற்றிக் கொடுப்பார்கள். மில்லிகிராம் ஒன்றல்ல. 5 மில்லி கார்பிமசோல் ஏறக்குறைய 3 மில்லி மெத்திமசோலுக்குச் சமம். சீட்டில் எழுதியதையே வாங்குங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இந்த வில்லையை உடைக்கவோ தொடவோ கூடாது, கருவைப் பாதிக்கும் மருந்து. முதல் சில வாரங்களில் வாந்தி, முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்குவது, சாப்பிட மறுப்பது வந்தால் அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் பேசுங்கள். 2 முதல் 4 வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், கிரியேட்டினினோடு. தைராய்டு துள்ளிக்கொண்டிருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் அதிகமாக ஓடி, அதன் பழுதை மறைத்து வைத்திருக்கும். தைராய்டு அடங்கியதும் அது வெளியே தெரியும்.

இதே மருந்தைக் காது மடலின் உட்புறம் தடவும் களிம்பாகவும் செய்வார்கள். வயிற்றுக் குமட்டல் குறைவு, வேலை செய்வது மெதுவாக. தனியாகக் கலந்து தரும் இடம் வேண்டும், தடவுகிறவர் கையுறை போட வேண்டும். வாயைத் திறக்கவே விடாத பூனைக்கு மட்டும். தைராய்டையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சையும் உண்டு, அதில் பக்கத்துச் சுரப்பி அடிபட்டால் ஓரிரு நாளில் கால்சியம் சரிந்து வலிப்பு வரலாம். பலவீனமான இதயம் உள்ள கிழப் பூனைக்கு மயக்க மருந்தும் ஆபத்து, அதனால் கடைசியில் வைக்கலாம்.

பிரஷர் மாத்திரையில் ஒரு பொறி

பிரஷருக்கு வழக்கமான முதல் தேர்வு அம்லோடிபின்தான். 5 கிலோவுக்குள் இருக்கும் பூனைக்கு வழக்கமான தொடக்கம் நாளுக்கு 0.625 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லி வில்லையில் கால். விலை சில ரூபாய். தப்பு நடப்பது கடை கவுண்டரில். இங்கே எஸ்-அம்லோடிபின் என்று தனியாக ஒன்று உண்டு. அதில் 2.5 மில்லி என்பது சாதாரண அம்லோடிபின் 5 மில்லிக்குச் சமம், கால் வில்லையே இரட்டை டோஸ் ஆகிவிடும். அட்டினலால் சேர்ந்த கூட்டு மாத்திரையும் அதே அலமாரியில்தான் இருக்கும். அட்டையைத் திருப்பி, அம்லோடிபின் என்ற ஒரே பெயர், 2.5 என்ற எண், இரண்டையும் பார்த்த பிறகு காசு கொடுங்கள். பிளேடால் வெட்டினால் ஒரு கால் பெரிதாகவும் ஒரு கால் தூளாகவும் போகும், அதனால் மாத்திரை வெட்டும் டப்பி வாங்குவது நல்லது. கடல் காற்று ஈரம் வெட்டிய துண்டைப் பொதபொதவென்று ஆக்கிவிடும், அன்றன்றைக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி பிரஷர் பாருங்கள். சிறுநீரகமோ பிரஷரோ கெட்ட பூனைக்குக் கருவாடு கூடவே கூடாது.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றால்

மீதி இருப்பவை மூட்டுவலி, கண் காது மங்கல், மூளைத் தளர்ச்சி. இங்கே மூன்று பொருள்கள் போட்டியிடுகின்றன.

பூனையை அமைதிப்படுத்தும் வாசனை (ஃபெரமோன்) டிஃப்யூசர் ஒன்று 50 முதல் 70 சதுர மீட்டருக்கு, சுமார் 30 நாள் வரும் என்று போட்டிருக்கும். நம் வீடுகளோ அதில் பாதிதான், அளவு போதும். ஆனால் ஃபேன் சுற்ற, ஜன்னல் திறந்து கிடக்க, அது காற்றோடு போகிறது. வீடு மாறியதால், புதுப் பூனை வந்ததால் கத்துகிறது என்றால் ஒரு ரீஃபில் வரை முயலலாம். கிழக் கத்தலுக்கு நான் காசு போட மாட்டேன்.

மூட்டுவலி சந்தேகம் இருந்தால், அதாவது கட்டிலில் தாவாமல் முன்காலை வைத்து ஏறினால், வலி மருந்தான கேபாபென்டின் நல்ல தேர்வு. அளவை டாக்டர் சொல்வார். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் டாக்டர் இன்னும் குறைப்பார். மெக்கோபாலமினோ நார்ட்ரிப்டிலினோ சேராத தனி கேப்சூலாகக் கேளுங்கள். முதல் சில நாள் தள்ளாடும், மாடிக் கதவைச் சாத்தி வையுங்கள். நாய்க்கென்று விற்கும் மூளை சத்து மருந்து வேண்டாம். அதில் ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் இருந்தால் பூனைக்கு விஷம்.

கண்ணும் புத்தியும் மங்கிய பூனைக்கு மருந்தைவிட இடத்தைச் சரிசெய்வது மேல். மணல் தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். இருட்டில் வழி தெரியாமல்தான் பாதிக் கத்தல். தட்டின் ஒரு பக்கத்தை 7 சென்டிமீட்டருக்கு வெட்டித் தாழ்த்துங்கள், நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். படுக்கும் முன் 10 நிமிஷம் நூல் விளையாட்டு, உடனே கடைசிச் சாப்பாடு.

விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கிளம்பும் வீடுகளில் இன்னொன்று உண்டு. 3 மணிக்கு எழுந்ததும் கத்தும் பூனைக்கு ஒரு துண்டு போட்டு வாயை அடைப்பார்கள். அது மறுநாள் 2.30க்கே கத்தும், கத்தினால் மீன் வரும் என்று கற்றுக்கொண்டாயிற்று. நேரம் வைத்துத் திறக்கும் தீனிப் பெட்டி இருந்தால் அதை அது வழக்கமாகக் கத்தும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகத் திறக்க வையுங்கள். பெட்டி இல்லையென்றால் எழுந்தவுடன் போடாமல், முகம் கழுவி, டீ குடித்து, அது வாயை மூடி இருக்கும் ஒரு நிமிஷம் பார்த்துப் போடுங்கள். முதல் நாலைந்து நாள் கத்தல் கூடும். அந்த நாட்களில் ஒருமுறை இரங்கிப் போட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.