ஃபைபர் கிராஸ் ஆர்ம்: எங்கே போடலாம், எங்கே காசு வீண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பி ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும் டெட் எண்ட் கம்பத்துக்கு ஃபைபர்கிளாஸ் கிராஸ் ஆர்ம் (கம்பத்தின் மேலே குறுக்காக நின்று கம்பிகளைப் பிடிக்கும் சட்டம்) கொடுத்த காசுக்குத் தகும். நேராகப் போகும் லைனில் கம்பியைத் தாங்கிக்கொண்டு மட்டும் நிற்கும் கம்பத்துக்கு மரமே போதும். கனடாவின் ஒன்டாரியோவில் 44 கிலோவோல்ட், 115 கிலோவோல்ட் லைன் வேலை எடுக்கும் ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்தில் டிசைன் பார்க்கிறேன். சில ஆண்டுகளாக இரண்டையும் போட்டு, போட்டதைத் திரும்பப் போய்ப் பார்த்தும் வருகிறோம், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் சிமெண்ட் கம்பத்தையே பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு தகவல்: இங்கே நகரத்தைத் தாண்டினால் மின்கம்பம் பெரும்பாலும் மரம்தான். ரெட் பைன், ஜாக் பைன், வெஸ்டர்ன் ரெட் சீடர் என்று கம்பங்கள், மேலே டக்ளஸ் ஃபிர் ஆர்ம். 115 கிலோவோல்ட்டில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே நீளமான ஆர்ம் வைத்து, நடுவில் பெருக்கல் குறி போலப் பிரேஸ் கட்டிய ஹெச் ஃபிரேம்கள் வடக்கே காட்டுக்குள் மைல் கணக்கில் போகும்.

மர ஆர்ம் சட்டென்று உடைவது குறைவு. மெல்ல வளையும். மேலே எடை கொஞ்சமும் கூடாமலேயே வருஷத்துக்கு வருஷம் வளைவு மட்டும் கூடிக்கொண்டே போகும், இதைத்தான் க்ரீப், அதாவது ஊர்வு என்கிறோம். மரம் ஈரமாக இருந்தால் இது அதிகம் என்பது எல்லாரும் சொல்வது. ஆனால் அதைவிட மோசமானது மரம் ஈரமாவதும் காய்வதும் மாறி மாறி வருவது. 1960இல் ஆஸ்திரேலியாவில் ஆம்ஸ்ட்ராங், கிங்ஸ்டன் என்ற இருவர் இதைச் சோதனையில் காட்டினார்கள்: சுமை ஏறி நிற்கும் மரத்தில் ஈரம் மாறும்போதெல்லாம் வளைவும் ஏறுகிறது, ஒரே ஈரத்தில் வைத்த மரம் அவ்வளவு வளைவதில்லை. ஒன்டாரியோவின் புழுக்கமான ஜூலையையும் உறையும் ஜனவரியையும் ஒரு ஆர்ம் 40 தடவை பார்க்கிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, மக்காமலிருக்க மருந்து ஏற்றிய கையோடு முழுதாகக் காயாமலேயே மேலே போய்விடும் மரமும் உண்டு, அது சுமையோடுதான் காயும்.

இதற்குக் கணக்கு இல்லாமல் இல்லை. அமெரிக்க மர வடிவமைப்பு விதிப்படி, காய்ந்த மரத்துக்கு நிரந்தரச் சுமையில் முதல் நாள் வளைவை 1.5 ஆல் பெருக்கு, ஈரமான இடம் என்றால் 2 ஆல் பெருக்கு. ஐரோப்பிய விதி வெளியில் நனையும் மரத்துக்கு இன்னும் கறார், மொத்தம் 3 மடங்கு. இரண்டுமே கட்டட உத்தரத்துக்கு எழுதியவை என்பது வேறு விஷயம், ஆனால் கையில் அதைவிட நல்ல எண் இல்லாதபோது நான் 3 மடங்கையே வைத்துப் பார்க்கிறேன்.

டெட் எண்டில் இது ஏன் முக்கியம்? 336 லின்னெட் என்ற அலுமினியக் கம்பியை அதன் உடையும் பலத்தில் 20 சதவீதத்துக்கு இழுத்துக் கட்டினாலே ஒரு கம்பிக்கு சுமார் 1.3 டன். மூன்று கம்பி, இரவும் பகலும், ஒரே பக்கம். கம்பத்துக்காவது ஸ்டே கம்பி இருக்கிறது, ஆர்ம் முனைக்கு எதுவும் இல்லை. ஆர்ம் முனை சில சென்டிமீட்டர் உள்ளே வந்தாலே குறுகிய ஸ்பேனில் (இரண்டு கம்பத்துக்கு நடுவிலான தூரம்) கம்பியின் தொய்வு கண்ணுக்குத் தெரியும். அப்போது எல்லாரும் கம்பியைத்தான் குறை சொல்வார்கள். அலுமினியமும் ஊரும்தான், மறுக்கவில்லை, அதற்கென்று 10 ஆண்டு இறுதித் தொய்வு என்று தனியாகக் கணக்கே போடுகிறோம். அந்தக் கம்பியைப் பிடித்து நிற்கும் ஆர்முக்கு மட்டும் யாரும் போடுவதில்லை, இது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

சரி, ஃபைபர் ஆர்முக்கு வருவோம். கண்ணாடியிழையை ரெசினில் தோய்த்து அச்சு வழியாக இழுத்துச் செய்கிறார்கள், உள்ளே ஃபோம், இரண்டு முனையிலும் மூடி. மரத்தில் டெட் எண்டுக்கு இரண்டு ஆர்மைச் சேர்த்து போல்ட் போட்டு முறுக்குவோம், இதில் ஒன்றே போதும், பிராக்கெட் மாட்டியே வருகிறது. எடையும் கணிசமாகக் குறைவு, பக்கெட் டிரக்கில் நிற்பவர்களைக் கேட்டால் இந்த ஒரு காரணத்துக்கே ஓட்டுப் போடுவார்கள்.

முதல் நாள் வளைவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கம்பியை இழுத்ததும் ஆர்ம் வில் போல வளைகிறது, புதிதாகப் பார்ப்பவர் நிச்சயம் போனை எடுப்பார். இழை நீளவாக்கில் இந்தப் பொருளின் விறைப்பு 17 முதல் 28 கிகாபாஸ்கல், டக்ளஸ் ஃபிர் 13 பக்கம், இரும்பு 200. மரத்தைவிட விறைப்புதான், ஆனால் உள்ளே கூடாக, சுவர் மெல்லிசாக இருப்பதால் அந்தச் சாதகம் கரைந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான். இழை ஊர்வதில்லை, அதைச் சுற்றியுள்ள ரெசின்தான் ஊர்கிறது. இழையெல்லாம் நீளவாக்கில் ஓடினால் ரெசினுக்கு வேலை குறைவு. சாய்வாகச் சுற்றிய கம்பங்களில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

அப்புறம் அந்த ஊர்வு நேர்கோட்டில் போவதில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஃபின்ட்லே பிளாஸ்டிக்கில் 26 ஆண்டு சுமை தொங்கவிட்டுச் சோதித்தவர், 1987இல் முடிவை வெளியிட்டார். அவருடைய சூத்திரத்தில் ஊர்வு காலத்தின் ஒரு சிறிய அடுக்காக வளர்கிறது. அந்த அடுக்கு 0.25 என்று வைத்தால், ஓர் ஆண்டில் கூடிய வளைவு 10 ஆண்டில் 10 மடங்காகாது, 1.8 மடங்குதான் ஆகும். அதனால்தான் நான் விற்பவரிடம் முதலில் கேட்பது 1,000 மணி நேரச் சுமைச் சோதனையின் தாள். அதில் 1 மில்லிமீட்டர் கூடியிருந்தால் 50 ஆண்டில் சுமார் 4.6 மில்லிமீட்டர் என்று உட்கார்ந்த இடத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

இங்கேதான் எனக்குப் பெரிய குறை. நாங்கள் வாங்கிய இடத்தில் இந்தத் தாளே இல்லை. உடையும் பலம் எத்தனை பவுண்டு என்று பளபளப்பான காகிதத்தில் கொடுத்தார்கள், நிரந்தரச் சுமையில் என்ன ஆகும் என்று கேட்டால் மறுபடி அதே காகிதம் வருகிறது. இத்தனைக்கும் கண்ணாடியிழை நீண்ட நாள் இழுவையில் உடையும் பலத்துக்கு வெகு கீழேயே அறுந்துபோகக்கூடிய பொருள். கான்கிரீட்டுக்குள் போடும் கண்ணாடியிழைக் கம்பிகளுக்கு அமெரிக்க கான்கிரீட் கழகம் பல ஆண்டுகள் வைத்திருந்த நிரந்தரச் சுமை வரம்பு உடையும் பலத்தில் 20 சதவீதம்! உடையும் பலத்தைப் பார்த்து ஆர்ம் வாங்குவது எவ்வளவு அபத்தம் என்று அதிலிருந்தே தெரியும். இன்னொரு கம்பெனி கேட்ட மறுநாளே தாளை அனுப்பியது, அடுத்த ஆர்டர் அவர்களுக்குத்தான் போனது.

சின்னக் குறைகளும் உண்டு. வெயில் மேல் பூச்சைத் தின்றுவிட்டால் இழை முடி முடியாக வெளியே வரும், தொட்டால் கை அரிக்கும், ஆகவே பூச்சுக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள். போல்ட்டை மரத்தில் முறுக்குவது போல முறுக்கினால் சுவர் நசுங்கும். விலை எங்களுக்கு வந்த பட்டியலில் மரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

இரும்பு ஆர்ம் போடக் கூடாதா என்று கேட்பார்கள். போடலாம், வளைவுப் பிரச்சினையே இல்லை, ஹெச் ஃபிரேமில் பழைய மர ஆர்மை மாற்றும்போது பலர் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் கனம், அதோடு மரமும் ஃபைபரும் மின்னல் அதிர்ச்சிக்குத் தரும் கூடுதல் காப்பு அதில் போய்விடும். முழு ஃபைபர் கம்பத்தைப் பற்றிச் சுருக்கமாக: வண்டி போகாத சதுப்புக்குத் துண்டு துண்டாகக் கொண்டுபோய்ச் செருகலாம், அதற்கு மட்டும் எடுங்கள். மரக் கம்பம் மக்காமலிருக்க ஏற்றும் பென்டா மருந்தை 2022இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நிறுத்த முடிவெடுத்ததிலிருந்து மரக் கம்பமே போய்விடும் என்று சிலர் விற்பனைப் பேச்சு பேசுகிறார்கள். வேறு மருந்துகள் இருக்கின்றன, அதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

டெட் எண்டுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், நேர் லைனுக்கு இரண்டு. வாங்குபவர்கள் துளைகளின் இடத்தை வரைபடத்தில் குறித்து ஃபாக்டரியிலேயே போடச் சொல்லுங்கள். சைட்டில் துளைத்தால் ஓரத்தைச் சீல் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது, தண்ணீர் உள்ளே போகும். ஆர்டரில் முனை மூடி தனியாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், எங்களுக்கு ஒரு லோடு மூடி இல்லாமலே வந்தது.