பொன்னிறப் பூச்சு கொண்ட செயற்கை முழங்கால் மூட்டு: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மண்டபத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை நான். 2018ஆம் ஆண்டின் இறுதியில் மதுரையில் எனது வலது முழங்காலில் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு கொண்ட செயற்கை மூட்டு பொருத்தப்பட்டது. கவரிங் தோடு அணிந்தால் காதுமடல் புண்ணாகிவிடும் உடம்பு என்னுடையது. ஒவ்வாமை அறிய முதுகில் ஒட்டுச் சோதனை செய்து, 48 மணி நேரம் கழித்துப் பட்டையைப் பிரித்தபோது நிக்கல் வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது. வழக்கமான மூட்டில் தொடை எலும்பின் முனையில் பொருத்தப்படுவது கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்த உலோகம். அதில் நிக்கல் அரை விழுக்காட்டுக்கும் குறைவுதான். ஆயினும் உடல் திரவத்தில் உலோக அயனிகள் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருக்கும் என்பதால், மருத்துவர் பூச்சுள்ளதைப் பரிந்துரைத்தார்.

"எத்தனை பவுன் டீச்சர் வச்சிருக்காங்க?" என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அதில் ஒரு குன்றிமணித் தங்கம்கூடக் கிடையாது. வெற்றிட அறையில் டைட்டானியத்தை மின்வில்லால் ஆவியாக்கி, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், இரண்டும் வினைபுரிந்து உலோகத்தின் மேல் பொன்னிறப் பீங்கான் படலமாகப் படிகின்றன. அதன் தடிமன் சில மைக்ரான்களே. தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 70 மைக்ரான். படலம் தடிக்கத் தடிக்க உள்ளழுத்தம் கூடி உரிந்துவிடும் வாய்ப்பும் கூடுவதால், மெல்லியதாக வைப்பதே முறை.

விற்பனைப் பிரதிநிதிகள் கடினத்தன்மையைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். விக்கர்ஸ் அளவையில் இப்படலம் 2000-ஐத் தாண்டும். அடியிலுள்ள கலப்புலோகம் 300 முதல் 400 வரைதான் வரும். அவர்கள் சொல்லாமல் விடுவது இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது. கூரான துகள் ஒன்று ஓரிடத்தில் அழுத்தினால் அடியுலோகம் சற்று நெகிழும், மேற்படலத்தால் நெகிழ முடியாது. தலையணை மேல் அப்பளத்தை வைத்து விரலால் அமுக்குவது போலத்தான். எலும்பில் மூட்டை ஒட்டப் பயன்படும் சிமெண்ட், எக்ஸ்-கதிரில் தெரிவதற்காகப் பேரியம் சல்பேட்டோ சிர்கோனியாவோ கலந்து தயாரிக்கப்படுகிறது. அதன் சிறு துணுக்கு ஒன்று மூட்டுக்குள் தங்கிவிட்டாலும் கீறல் விழக்கூடும். பாம்பன் புதிய பாலத்தில் துத்தநாகப் படலத்தின் மேல் பூசியுள்ள பாலிசைலாக்சேன் என்ற காப்பு வண்ணம் பழுதானால் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம். முழங்காலுக்குள் அதற்கு வழியில்லை.

என் அனுபவத்துக்கு வருகிறேன். தழும்பைச் சுற்றித் தடிப்போ அரிப்போ இதுவரை ஏற்படவில்லை. பூச்சில்லாத மூட்டிலும் அப்படியே இருந்திருக்குமோ என்னவோ, ஒரே காலை வைத்துக்கொண்டு அதை நிறுவ முடியாது. தழும்பின் வெளிப்புறத் தோல் இன்றும் மரத்தே இருக்கிறது. படி இறங்கும்போது சில வேளைகளில் 'டக்' என்ற ஒலி கேட்கிறது. இவ்விரண்டுக்கும் பூச்சுக்கும் தொடர்பில்லை. கடற்கரையின் இறுகிய ஈரமணலில் தடையின்றி நடக்கிறேன். தனுஷ்கோடிப் பக்கத்துப் பொதபொத மணலில் கால் திரும்பிவிடுமோ என்ற அச்சம் போகவில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்வதை விட்டுவிட்டேன்.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் பூச்சு தெரியவே தெரியாது. இரண்டு வெள்ளை உலோக வடிவங்களுக்கு நடுவே கருமையான ஓர் இடைவெளி தெரியும். அங்கேதான் பாலிஎத்திலீன் என்ற நெகிழியாலான தகடு இருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனையிலும் மருத்துவர் அளந்து பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். தேயக்கூடியது அத்தகடே. வழவழப்பான பூச்சு அத்தேய்மானத்தைக் குறைக்கும் என்று ஆய்வகப் பொறிகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நோயாளிகளிடம் செய்த ஒப்பீடுகளில் வலியிலோ நடையிலோ பூச்சுள்ள மூட்டுக்குத் தெளிவான மேன்மை தென்படவில்லை.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தபோது, கோபால்ட்–குரோமியம் வகைக்கு 54,720 ரூபாயும், டைட்டானியம், ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம் வகைகளுக்கு 76,600 ரூபாயும், ஜி.எஸ்.டி. நீங்கலாக, நிர்ணயித்தது. நிக்கல் ஒவ்வாமை சோதனையில் உறுதியானவர்களுக்குக் கூடுதல் செலவு நியாயமானது என்றே கருதுகிறேன். மற்றவர்களிடம் 'முப்பது ஆண்டு உழைக்கும் தங்க மூட்டு' என்று யாரேனும் சொன்னால், எத்தனை நோயாளிகளை எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். எந்த வகையைப் பொருத்திக்கொண்டாலும், மூட்டின் பெட்டியிலிருந்து எடுத்து மருத்துவக் கோப்பில் ஒட்டும் சிட்டையின் நகலைக் கையோடு வாங்கிவிட வேண்டும். பின்னாளில் தகட்டை மட்டும் மாற்ற நேர்ந்தால், எந்த அளவு, எந்த வகை என்று அறுவை மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான்.