நூற்பாலையில் கம்பியில்லா மீட்டர் வாசிப்பு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2022 செப்டம்பரில் நடந்த கட்டணத் திருத்தத்தில், தமிழ்நாட்டின் உயரழுத்தத் தொழிற்சாலை இணைப்புகளுக்கான டிமாண்ட் கட்டணம் (ஆலை இழுக்கும் மின்சுமையின் உச்ச அளவுக்கான கட்டணம்) ஒரு கே.வி.ஏ.வுக்கு (சுமையை அளக்கும் அலகு) மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக ஏறியது. அதற்குப் பிறகும் ஏறித்தான் வருகிறது. மாதத்தில் பதிவான அதிகபட்ச டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் (மின்வாரியத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட சுமை அளவு) 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். ஒப்பந்த அளவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இருமடங்கு. கோவைப் பக்கம் ஒரு நடுத்தர நூற்பாலையில் மின்பராமரிப்பைக் கவனித்துவரும் நான், கம்பியில்லா மீட்டர் வாசிப்பை நிர்வாகத்திடம் வலியுறுத்தி வாங்கியது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அதற்கு முன் ஷிப்டுக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியன் லாக் புத்தகத்துடன் பேனல் பேனலாகச் சென்று யூனிட்டைக் குறித்து வருவார். யூனிட் கணக்குக்கு அது போதும். ஆனால் டிமாண்ட் என்பது எங்கள் மீட்டரில் அரைமணி நேரச் சராசரி. மாதத்தில் ஏதோ ஓர் அரைமணியில் ஏறிய சுமைதான் பில்லில் வந்து நிற்கும், அது எந்த அரைமணி, எந்த இயந்திரத்தால் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இப்போது ஒவ்வொரு பேனல் மீட்டரின் ஆர்.எஸ். 485 முனையிலும் (மீட்டரின் அளவுகளை வெளியே எடுக்கும் இணைப்பு) ஒரு சிறிய லோரா கருவி (தொலைவுக்குக் கம்பியில்லாமல் தரவு அனுப்புவது) பொருத்தப்பட்டு, உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மாடியிலுள்ள கேட்வேக்கு (அளவுகளைத் திரட்டிக் கணினி மென்பொருளுக்குக் கொடுக்கும் கருவி) நிமிடத்துக்கு ஒருமுறை அளவை அனுப்புகிறது.

முதல் சில வாரங்களிலேயே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேமில் டாஃப் (நூல் நிறைந்த பாபின்களை எடுத்துவிட்டு வெறும் பாபின்களை மாட்டுவது) முடிந்து வெறும் பாபினுடன் ஓட்டம் தொடங்கும்போது மோட்டார் எடுக்கும் சுமை குறைவாகவும், நூல் நிறைய நிறைய எடையாலும் காற்றுத் தடையாலும் படிப்படியாகக் கூடுதலாகவும் இருக்கும். தொழில் தெரிந்தவர்கள் அனைவரும் அறிந்த செய்திதான். ஆயினும் ஒரே எண் (ஒரே தடிமன்) நூல் ஓடும் ஃபிரேம்கள் பலவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிறைவை நெருங்கும்போது, அந்த ஏற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதைத் திரையில் கோடாகப் பார்த்த பிறகே, டாஃப் நேரங்களை முன்பின்னாகக் கலைத்து வைக்க, நூற்புப் பிரிவைக் கவனிக்கும் ஸ்பின்னிங் மாஸ்டர் இசைந்தார். மின்தடைக்குப் பின் வரும் அரைமணியும் அப்படியே. மின்சாரம் வந்ததும் ஃபிரேம்கள், கம்ப்ரசர்கள், கூடத்தின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியுமிடிஃபிகேஷன் மின்விசிறிகள் அனைத்தும் ஒன்றாக எழும். இப்போது எது முதலில், எது அடுத்து என்று வரிசை எழுதி பேனல் அறையில் ஒட்டியிருக்கிறோம்.

வாங்கும்போது விற்பனையாளர் யாரும் சொல்லாத ஒன்று, நேரப் பொருத்தம். மின்வாரிய மீட்டரின் கடிகாரத்துக்கும் நம் மென்பொருளின் கடிகாரத்துக்கும் சில நிமிடம் வித்தியாசம் இருந்தால், நாம் பார்க்கும் அரைமணி வேறு, பில்லுக்குப் போகும் அரைமணி வேறு. எச்சரிக்கை மணி சரியாக அடித்தாலும் பயனில்லை. அதனால் மாதந்தோறும் வாரிய மீட்டரின் திரையில் வரும் நேரத்தைப் பார்த்து, மென்பொருளில் அரைமணியின் தொடக்கத்தை அதற்கேற்பத் திருத்துகிறோம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பேனலின் கே.வி.ஏ.வையும் அப்படியே கூட்டினால் மொத்த டிமாண்ட் வராது, பவர் ஃபேக்டர் (இழுக்கும் சுமையில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) இடத்துக்கு இடம் மாறுவதால் விடை கூடுதலாகவே வரும், கிலோவாட்டையும் (வேலை செய்யும் பகுதி) கே.வி.ஏ.ஆரையும் (வேலை செய்யாத பகுதி) தனித்தனியாகக் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இழப்பும் இருப்பதால், வரும் மெயின் லைனில் தனியாக ஒரு மீட்டர் வைப்பதே நம்பகமானது.

கருவிகளைப் பொறுத்தவரை எனக்கு மனக்குறைகள் உண்டு. இரும்புப் பேனலுக்குள்ளேயே ஆன்டெனாவை வைத்து மூடிவிட்டுப் போனார்கள். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம் பக்கமிருந்து பாதி நேரம் அளவு வராது, ஆன்டெனாவை வெளியே எடுத்துப் பொருத்திய பிறகுதான் சீரானது. கேட்வேயின் காற்றுத் துளைகளில் பஞ்சு படிந்து அது சூடேறி நின்றுவிடுகிறது, வாரம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பேனலிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கருவிகள் மின்தடையின்போது அணைந்து, மின்சாரம் திரும்பியதும் மீண்டும் இணையச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டன. நமக்கு மிகவும் தேவையான நிமிடங்கள் அவைதான் என்பதால் அவற்றை யு.பி.எஸ். இணைப்புக்கு மாற்றினோம்.

அரைமணியின் நடுவிலேயே சராசரி எங்கே போய் முடியும் என்று மென்பொருள் கணித்து, எல்லை நெருங்கினால் ஷிப்ட் சூப்பர்வைசரின் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. அவர் ஹியுமிடிஃபிகேஷன் மின்விசிறியின் வேகத்தைச் சில நிமிடம் குறைக்கிறார். அந்தச் சிறிது நேரத்தில் கூடத்தின் ஈரப்பதம் அதிகம் மாறுவதில்லை, நூலும் அறுவதில்லை. இருமடங்குக் கட்டணம் இதனால் நின்றது. ஆனால் ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே டிமாண்டை இறக்குவதால் மட்டும் பில்லில் ஒரு ரூபாயும் குறையாது. ஒரு முழு ஆண்டின் அரைமணிப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்பந்த டிமாண்டையே குறைக்க விண்ணப்பித்த பிறகுதான் உண்மையான மிச்சம் வந்தது. கோடை மாதங்களையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த முடிவை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் யூனிட்டுக்கு விழும் 25 சதவீதக் கூடுதல் கட்டணத்தில் இந்த ஏற்பாடு பெரிதாக உதவவில்லை. மூன்று ஷிப்டும் ஓடும் ஆலையில் ஃபிரேமை நிறுத்தி வைக்க முடியாது. போர்வெல் மோட்டாரையும் கழிவுப்பஞ்சைப் பொதியாக அழுத்தும் பேல் பிரஸ்ஸையும் மட்டும் இரவு 10 மணிக்குப் பிறகு மாற்றியிருக்கிறோம்.