அரையாண்டு விடுமுறை: அறை போட மதுரையா, தஞ்சாவூரா?

டிசம்பர் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டதும் குடும்பத்தோடு நான்கு நாள் வெளியே போய்வர வாய்ப்பு கிடைக்கும். தினம் ஒரு ஊர் மாறிப் பெட்டி கட்டுவதைவிட, ஒரே ஊரில் அறை எடுத்துப் பகலில் சுற்றிவிட்டு ராத்திரி திரும்பிவிடுவதுதான் தோது. இதற்குப் பெரும்பாலோர் யோசிக்காமல் மதுரையைச் சொல்வார்கள். நான் தஞ்சாவூரைச் சொல்வேன். மதுரைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் பெருமை ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஒருநாள் பயணம் என்று கிளம்பினால் ரோட்டிலேயே பொழுது போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். ஒருவழிக்கே மூன்று மணிநேரத்துக்கு மேல் ஆகும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடியும் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவதென்றால் குழந்தைகள் துவண்டுவிடுவார்கள். ராமேஸ்வரத்துக்குத் தனியாக ஓர் இரவு ஒதுக்குவதே நியாயம். கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். அதில் ஒரு பகுதி மலைப்பாதை. டிசம்பரில் சாயங்காலமே பனிமூட்டம் இறங்கிவிடும், அந்த நேரத்தில் வளைவுகளில் இறங்கவேண்டியிருக்கும். இ-பாஸும் 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர்தான். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தாராசுரம் வந்துவிடும். கும்பகோணம் தாண்டி இன்னும் 35 கிலோமீட்டர் போனால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜராஜன் கட்டியது, மகன் ராஜேந்திரன் கட்டியது, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது என்று யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மூன்று சோழர் கோயில்களும் ஒரே திசையில் வரிசையாக இருக்கின்றன. இப்படி ஒரு வசதி வேறெங்கும் கிடைக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் கோயில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு ஆகிவிடும். அதனால் தொலைவானதை முதலில் வையுங்கள். காலையில் நேரே கங்கைகொண்ட சோழபுரம். அங்கே சண்டேசருக்குச் சிவன் தலையில் பூச்சூட்டும் சிற்பத்தை நின்று நிதானமாகப் பாருங்கள். மதியச் சாப்பாடு கும்பகோணத்தில். சாப்பிட்ட பிறகு சுவாமிமலைக்குப் போனால், மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகளைக் கேட்டுக்கொண்டு பார்க்கலாம். பிள்ளைகளுக்கு எந்தக் கோயிலையும்விட இது பிடித்துப்போகும். நான்கு மணிக்கு மேல் தாராசுரம். அந்த மஞ்சள் வெயிலில்தான் தேர்ச்சக்கரமும் குதிரைகளும் உயிரோடு இருப்பது போலத் தெரியும். அங்கிருந்து அறைக்கு ஒரு மணிநேரம்தான்.

இன்னொரு நாள் திருவையாறும் கல்லணையும். திருவையாறு 13 கிலோமீட்டர். வழியில் ஆறு மாற்றி ஆறாகப் பாலங்கள் வரும், அசோகா அல்வாவை அந்த ஊரிலேயே சாப்பிடலாம். டிசம்பர் கடைசியில் இரண்டு பக்கமும் வயல் பச்சைப்பசேல் என்று நிற்கும். பொங்கலுக்குப் பிறகு அறுவடையாகிவிட்டால் அந்தப் பச்சை இருக்காது. இந்தப் பருவத்தில் டெல்டாவைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே எனக்குப் போதும். மழைதான் பயம். டிசம்பர் முதல் பாதியில் புயல் சின்னம் உருவானால் டெல்டா மாவட்டங்கள்தான் முதலில் நனையும். மதுரைக்கு அந்தத் தொல்லை குறைவு.

ராத்திரி என்று வந்துவிட்டால் மதுரைக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் நிற்க முடியாது. மீனாட்சியம்மன் கோயிலில் ராத்திரி பள்ளியறைப் பூஜைக்குச் சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், ஊர் அப்போதுதான் விழித்ததுபோல இருக்கும். கறிதோசை, பருத்திப்பால், ஜிகர்தண்டா எல்லாம் அந்த நேரத்திலும் கிடைக்கும். தஞ்சாவூர் ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் அடங்கிவிடும். ஆனால் சாயங்காலம் பெரிய கோயில் புல்தரையில் உட்கார்ந்து, 216 அடி விமானத்தில் வெயில் இறங்குவதைப் பார்க்கலாம். கையில் போனும் இருக்கலாம். மீனாட்சி கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் நுழையவேண்டும்.

மதுரையை அடிப்படையாக வைப்பவர்கள் தூரப் பயணங்களை மறந்துவிட்டு, கிட்டத்தில் உள்ளவற்றைப் பாருங்கள். கீழடி அருங்காட்சியகம், கீழக்குயில்குடி சமணர் மலை, திருப்பரங்குன்றம், அழகர்கோவில் எல்லாம் ஒரு மணிநேரத்துக்குள் அடங்கும். 1636இல் எழுந்த நாயக்கர் மகாலுக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கும் ஒரு முழுநாள் கொடுக்கலாம்.

திருச்சியையும் சிலர் சொல்வார்கள். விமானம், ரயில் வசதிக்கு அதுதான் சுலபம், ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் கைக்கெட்டும் தூரம். ஆனால் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி ஸ்ரீரங்கம் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம். மூன்று ஊர்களிலுமே ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ஜனவரி நடுப்பகுதிவரை இருக்கும்.

விடுமுறையைப் பொங்கலுக்குத் தள்ளிவைக்க முடிந்தவர்களுக்கு என் பதிலே மாறும். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப்பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும்போது மதுரைதான். கூட்டம் ஒத்துவராதவர்கள் அந்த மாட்டுப்பொங்கலைத் தஞ்சாவூரில் வைத்துக்கொள்ளலாம். காய்கனிகளாலும் இனிப்புகளாலும் பெரிய கோயில் நந்திக்குச் செய்யும் அலங்காரம் அத்தனை அழகு.

இரண்டு ஊரும் வேண்டும் என்றால் முதல் இரண்டு இரவு தஞ்சாவூர், கடைசி இரவு மதுரை. சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தஞ்சாவூர். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, டிசம்பர் கடைசிக்கு அக்டோபர் கடைசியிலேயே உட்காரவேண்டும். மூன்றாம் நாள் மதுரைக்குப் போகும்போது புதுக்கோட்டை வழியாகப் போங்கள். திருமயம் கோட்டை, கானாடுகாத்தான் வீடுகள், பிள்ளையார்பட்டி எல்லாம் அந்தப் பாதையிலேயே வந்துவிடும். செட்டிநாட்டுக்கென்று தனியாக ஒருநாள் செலவழிக்க வேண்டாம், மீனாட்சி கோயில் இரவுப் பூஜைக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம்.