உப்புக்காற்றில் கைகர் கவுண்டரா, கிளவுட் சேம்பரா?

இரண்டும் கதிரியக்கத்தைக் காட்டும் கருவிகள். கிளவுட் சேம்பரில், அணுக்கரு உமிழும் ஆல்ஃபா துகள் (2 புரோட்டான், 2 நியூட்ரான்) ஆல்கஹால் ஆவியினூடே போன தடம் வெண்கோடாகக் கண்ணுக்குத் தெரியும். கைகர் கவுண்டரில் ‘டிக்’ சத்தமும் எண்ணிக்கையும்தான். அழகு முதலாவதில்தான், சந்தேகமில்லை. ஆனால் கடலூர், புதுச்சேரிப் பக்கப் பள்ளி ஆய்வகத்துக்கு என்றால் என் ஓட்டு கைகருக்கே.

சேம்பருக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஃபெல்ட், கறுப்புத் தட்டு, பக்கவாட்டில் டார்ச், அடியில் மைனஸ் 78 டிகிரி ட்ரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) வேண்டும். துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் உதவாது. உப்பு கலந்தாலும் மைனஸ் 21-க்குக் கீழே இறங்காது. ட்ரை ஐஸோ வந்த அன்றே கரியமில வாயுவாகப் பறந்துகொண்டிருக்கும். ட்ரை ஐஸ் இல்லாமல் மின்சாரத்தால் குளிரூட்டும் பெல்டியர் மாடல் உண்டு. மே மாதப் பகலில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள். கதிர்மூலத்துக்கு 2% தோரியம் கலந்த, சிவப்பு முனை டி.ஐ.ஜி (TIG) வெல்டிங் டங்ஸ்டன் ராடு போதும். அதைத் தீட்டவே கூடாது, தூள் மூச்சில் போகும். தோரியத்தின் 90 புரோட்டானில் 2 போய் ரேடியம் (88) ஆவதுதான் அந்த வெண்கோடு.

கைகருக்கு உரக்கடைப் பொட்டாஷே போதும். அதிலுள்ள பொட்டாசியம்-40 பெரும்பாலும் பீட்டா (வேகமான எலக்ட்ரான்) விட்டுக் கால்சியமாகும். அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டு, எனவே மூலம் தீராது. கவுண்டரில் கதிரை உணரும் பாகம் ஒரு குழாய்; எஸ்.பி.எம்-20 போன்ற உலோகக் குழாயில் ஆல்ஃபா நுழையாது, அது குறைதான். எண்ணிக்கையைப் பத்து நிமிடமாவது எடுங்கள். பொட்டாஷ் இல்லாமல் 220 வந்தால் ஏற்ற இறக்கமே சுமார் 15; பொட்டாஷ் வைத்து 235 வந்தால் ஒன்றும் நிரூபணமாகாது, 300 வந்தால் நம்பலாம்.

எல்லாம் பராமரிப்பில்தான் இருக்கிறது. குழாய்க்கு 400 வோல்ட், ஆனால் மின்னோட்டம் மிகச் சொற்பம். மின்சுற்றுப் பலகையில் உப்பு ஈரம் படிந்தால் அந்தச் சொற்பமும் கசிந்து, மின்னழுத்தம் இறங்கி, எண்ணிக்கை குறையும். சிலசமயம் பொறி பறந்து பொய் ‘டிக்’ கேட்கும். குழாய் போய்விட்டதென்று புதிது வாங்குவது இங்கேதான். சாதாரண மல்டிமீட்டரை நேரே வைத்தால் அதன் 10 மெகா ஓமே மின்னழுத்தத்தை இழுத்துத் தாழ்த்திக் காட்டும். 1 ஜிகா ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் 400 வோல்ட் சுமார் 4 ஆகத் தெரியும். குறைந்திருந்தால் பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து, ஐசோபுரோப்பைலில் பலகையைத் துடைத்து உலர்த்தி, காப்பு வார்னிஷ் அடியுங்கள். பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பொட்டாஷும் ஈரம் இழுத்துக் கசியும். இரட்டை ஜிப் கவரில் போட்டு, கவுண்டருக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.